எழுபத்தெட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே

புதுவயல் அரிசி ஆலையில்
நெல் அவிக்கும் கொப்பரைகளுக்குப் பின்னால்
ஆவி ஆறி வடிகிற தண்ணீர்
சிமெண்டு வாய்க்காலில் ஓடிக்
கருவேலங்காட்டுக்குள் போகிறது.
எழுபத்தெட்டு டிகிரி.
தெர்மாமீட்டரைத் துடைத்துவிட்டு நோட்டில் எழுதினேன்:
கழிவு.

பெரிய எஞ்சின்கள் திரும்பியும் பாராத சூடு அது.
ஒரு டப்பாவுக்குள் காற்றை அடைத்து
ஒரு பக்கம் இந்தத் தண்ணீரையும்
மறுபக்கம் போர்த் தண்ணீரையும் காட்டினால்
காற்று விரியும், சுருங்கும்,
அந்த மூச்சில் ஒரு சக்கரத்தைத் தள்ளிவிடும்.
அவ்வளவுதான் என் வேலை. ஏழு வருஷமாய்.

சூடு இந்த ஊரில் சும்மா கிடைக்கும்.
சித்திரையில் கைப்பிடிச்சுவர்கூடத் தரும்.
கிடைக்காதது குளிர்ச்சி.
எஞ்சின் கேட்பது வெப்பத்தையே அல்ல,
வித்தியாசத்தை.

செக்காலை ரோட்டு லேத்தில் சிக்கந்தர்
பிஸ்டனைக் கடைந்து கடைந்து
சிலிண்டருக்குள் விட்டு
அடிவாயைக் கட்டைவிரலால் மூடினார்.
இறங்காமல் நின்றது.
"காத்தே வழி கேட்டுத்தான் போகணுங்க."

உள்ளே ஏறி இறங்கும் தட்டுக்கு முதலில் தெர்மாகோல்.
மூன்றாம் நாள் பிரித்தால்
அப்பளம்போல் நெளிந்து கிடந்தது.
பிறகு நெட்டி.
மாட்டுப்பொங்கல் மாலைக்குக் கட்டியது போக மிச்சம்,
கடைக்காரர் காசு வாங்கவில்லை.

மார்ச் பதினொன்று, இரவு ஒன்று இருபது.
சக்கரத்தை விரலால் ஒரு தட்டு.
நின்றது.
இன்னொரு தட்டு.
நின்றது.
சிக்கந்தர் பையிலிருந்து
தையல் மிஷின் எண்ணெய் எடுத்து ஒரு சொட்டு விட்டார்,
பிள்ளைக்குக் காதுமருந்து விடுகிறமாதிரி.
அதன்பின் அதை யாரும் தட்டவில்லை.

நிமிஷத்துக்கு நூற்றுப்பத்துச் சுற்று.
ஒரு பல்பு. ஒன்பது வாட்,
அதுவும் மனசில்லாமல்.

முதலாளி உண்ணாமலை ஸ்கூட்டரை நிறுத்தாமலே கேட்டார்:
"நூத்துக்கு எவ்வளவு வருது?"
இந்த வித்தியாசத்துக்கு இயற்கை அனுமதிப்பது பதின்மூன்று.
எங்களுக்கு வந்தது ஒன்றேமுக்கால்.
"வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க."
கேட்டுவரை போய்த் திரும்பி வந்தார்.
"முதல் இல்லாத வட்டிதானே. ஓடட்டும்."

நான்காம் நாள் விடியலில்
முத்துக்கருப்பி தகரக் கதவை உதைத்தாள்.
பின்னால் ஐந்து பெண்கள்,
புருவம்வரை தவிடு.
"வாய்க்கால் தண்ணி ஏன் ஆறிக் கெடக்கு?"

ராத்திரி ஷிப்ட் முடிந்ததும்
அந்தத் தண்ணீரை வாளியில் விளாவிக் குளித்துவிட்டுத்தான்
ஆறு மணி பஸ் ஏறுவார்களாம்.
தவிட்டரிப்பு வேறெதற்கும் அடங்காதாம்.
கந்தைத் துணியில் முடிந்து போட்டால்
முட்டைகூட வேகுமாம்.
இரண்டு வருஷம் அளந்திருக்கிறேன்,
எல்லாம் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே.

நோட்டை எடுத்துக் கழிவை அடித்தேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

சக்கரம் தின்பது ஒன்றேமுக்கால்.
மிச்சம் அத்தனையும் குளிர்ப்பக்கம்தான் போய்ச் சேர்கிறது.
முப்பத்தொன்றில் நுழைந்த போர்த் தண்ணீர்
முப்பத்தேழில் வெளியே வருகிறது.
அதை ஒரு குழாய் வைத்து
நாங்கள்தான் முள்ளுக்குள் விட்டுக்கொண்டிருந்தோம்.

குழாயைத் திருப்பினோம்,
கல் தொட்டியின் பக்கம்.
நடுவே ஒரு வால்வு.
அடைத்தால் தண்ணீர் மெதுவாக வரும், இன்னும் சூடாக.
சக்கரம் தளரும்.
முழுக்கத் திறந்தால் எஞ்சினுக்குக் கொண்டாட்டம்,
முதுகுக்கு இல்லை.
எந்த இடத்தில் வைப்பது என்று
மூன்று பக்கம் கணக்குப் போட்டேன்.
முத்துக்கருப்பி புறங்கையை நீட்டிப் பார்த்து
ஒரு திருகு திருகினாள்.

இப்போதெல்லாம்
ஐந்தே காலுக்குப் பல்பு மங்கும்.
குளிக்கிறார்கள் என்று அர்த்தம்.
அந்த இருபது நிமிஷம்
நான் அளப்பதில்லை.